மேஸ்திரி

மேஸ்திரி: கட்டட வேலையில் தலைமைக் கொத்தனார், வேலைக்கு ஆள் சேர்த்து வந்து வேலை வாங்குபவர், பழைய ஆலைகளில் தொழிலாளர் குழுவுக்கு மேலாள். போர்த்துகீசிய ‘மெஸ்த்ரே’யிலிருந்து வந்த சொல். ஸ்பானிய ‘மாஎஸ்த்ரோ’ அதன் உடன்பிறப்பு. பள்ளி ஆசிரியர், இசை மேதை, கைதேர்ந்த கொத்தனார் மூவருக்கும் ஸ்பெயினில் அந்த ஒரு பெயர்தான். இரண்டுக்கும் மூலம் லத்தீன் ‘மாகிஸ்தேர்’.

சாவி, மேசை, அலமாரி, ஏலம் ஆகியவற்றைப் போலவே போர்த்துகீசியரோடு கரையேறிய சொல் இது. தென்னிந்திய வீடுகளில் மேஸ்திரி என்றால் சமையற்காரர் அல்லது தையற்காரர் என்று பொருள் சொல்கிறது 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி. அந்த இரண்டு இடங்களையும் இன்று ‘மாஸ்டர்’ பிடித்துக்கொண்டது. அதுவும் அதே லத்தீன் வேர்தான்.

தொழில் தெரிந்தவர் என்ற பொருளோடு ஆள் சேர்ப்பவர் என்ற பொருளும் 19-ஆம் நூற்றாண்டில் வலுத்தது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி எப்படியோ, பர்மாவின் அரிசி ஆலைகளுக்கும் தென்னிந்திய மலைத்தோட்டங்களுக்கும் மேஸ்திரி அப்படி. ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டுவார். கூலியில் தன் பங்கைப் பிடித்துக்கொள்வார். முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராதவரைத் தண்டிக்க 1859-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. 1925-இல்தான் அது நீக்கப்பட்டது. கடனை வைத்து உழைப்பைக் கட்டிப்போட்ட கொடிய சட்டம் அது.

ஆலைகளில் ஆள் எடுப்பதும் நீக்குவதும் மேஸ்திரி கையில் இருந்ததால் லஞ்சம் மலிந்தது. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931-இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம் இதைக் கண்டித்து, ஆள் எடுக்கத் தனி அலுவலர் வேண்டும் என்றது.

ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம் சாலை பிரியும் சிங்கப்பெருமாள் கோவில் பகுதியில் இரண்டு பொருளும் இன்றும் வழக்கில் உண்டு. கட்டட வேலையில் மேஸ்திரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவரைப் பார்ப்பார். நூல் விலகினால், ஈரம் காயுமுன் கல்லைப் பெயர்த்து மறுபடி வைக்கச் சொல்வார். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமைக் கூலி எண்ணித் தருபவரும் அவரே. கூலி குறைந்தால் எதிரில் நின்று கேட்கலாம்.

ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-லும் டைம்லர் ஆலை 2012-லும் தொடங்கின. இத்தகைய ஆலைகளுக்குள் மேஸ்திரி என்ற சொல் நுழையவில்லை. வேலையைப் பார்ப்பவர் சூப்பர்வைசர். ஆள் அனுப்புபவர் கான்ட்ராக்டர். ஒருவரிடம் இருந்த இரண்டு பொறுப்பும் இரண்டாகப் பிரிந்தன. ஆள் அனுப்புபவருக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த இளைஞர் அவரை நேரில் பார்க்காமலே மாதங்களைக் கழிக்கலாம். சம்பளத்தில் பிடித்தம் வந்தால் யாரிடம் கேட்பது என்பதே அவருக்குப் புலப்படுவதில்லை. பழைய மேஸ்திரியின் கெடுபிடி போனது நல்லதுதான். அவரோடு முகம் பார்த்துக் கேட்கும் வசதியும் போனது பெரிய இழப்பு.

இத்தனைக்கும், ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டாலோ குறைத்துத் தந்தாலோ, அதை ஆலை நிர்வாகமே தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆவது பிரிவு விதித்தது.