தேவி (திரைப்படம், 1960)

சத்யஜித் ராய் இயக்கிய வங்காளப் படம். பிரபாத் குமார் முகோபாத்யாயின் சிறுகதையைத் தழுவியது. கதைக்கருவைத் தந்தவர் ரவீந்திரநாத் தாகூர். பேய் பிசாசு எதுவும் இல்லாமலே அடிவயிற்றைக் கலக்கும் இந்திய உளவியல் படங்களில் இதற்கு இணை அரிது.

காளி பக்தரான ஜமீன்தார் காளிகிங்கர் (சபி பிஸ்வாஸ்) ஒரு கனவு காண்கிறார். இருளில் மூன்று கண்கள் மிதந்து வந்து, இளைய மருமகள் தயாமயியின் முகத்தில் பொருந்துகின்றன. கொல்கத்தாவின் காளிகாட் கோயிலில் அகன்ற முக்கண்களோடு நிற்கும் அன்னையை வணங்கியவர்களுக்கு அந்தக் காட்சியின் வலிமை உடனே புரியும். விடிந்ததும் மருமகளைக் காளியின் அவதாரமாக நம்பி மாமனார் அவள் காலில் விழுகிறார். அவள் விரல்கள் சுவரைப் பிறாண்டுகின்றன. பெண் சிலையாக்கப்படுவதன் கொடுமை முழுவதும் அந்த விரல்களில் இருக்கிறது.

அவள் முன் கொண்டுவரப்பட்ட, சாகக் கிடந்த ஒரு சிறுவன் பிழைத்துவிட, அவளை வணங்க ஊரே திரள்கிறது. கொல்கத்தாவில் படிக்கும் கணவன் உமாபிரசாத் (சௌமித்ர சாட்டர்ஜி) இரவோடு இரவாக அவளை அழைத்துச் செல்ல முயல்கிறான். ஆற்றங்கரையில், நீரில் கரைத்த சிலையின் எலும்புக்கூட்டைக் கண்டு அவள் நின்றுவிடுகிறாள்: தான் உண்மையிலேயே தேவியாக இருந்தால்? படத்தின் உச்சம் இதுதான். பிறர் நம்பிக்கை அவளுக்குள்ளேயே குடியேறிவிட்டது. பின்னர் வீட்டுக் குழந்தை மருத்துவரின்றி அவள் மடியில் விடப்பட்டு இறக்கிறது. அவள் மனம் பிறழ்கிறது.

தயாமயியாக வரும் பதின்வயது ஷர்மிளா தாகூரின் நடிப்பு பெரும்பாலும் மௌனத்தில் நிகழ்கிறது. ஒளிப்பதிவு சுப்ரதா மித்ரா. இசை அலி அக்பர் கான். சிறந்த வங்காளப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. 1962 கான் திரைப்பட விழாவில் போட்டியிட்டது.