பெருக்குத் தொடர்வரிசை (கற்பித்தல்)

முதல் உறுப்பை அடுத்துவரும் ஒவ்வோர் உறுப்பும் தன் முன்னதைப் பூச்சியமல்லாத ஒரே மாறிலியால் பெருக்கக் கிடைப்பதாகிய எண்வரிசை பெருக்குத் தொடர்வரிசை. அம்மாறிலி பொது விகிதம். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பில் போதிக்கப்படுவது. மாணாக்கர் வித்தியாசத்தையும் விகிதத்தையும் மயங்கக் கொள்வது சகஜமாதலின், 3, 6, 12, 24 என்னும் வரிசையில் வித்தியாசங்கள் மாறுவதையும், விகிதம் 2 ஆகவே நிலைப்பதையும் அருகருகே எழுதிக் காட்டுதல் உசிதம். கூடுதற் சூத்திரத்தை மனனம் செய்விப்பதினும், அவ்வரிசையை இரட்டித்து 6, 12, 24, 48 எனக் கீழே எழுதி, பொது உறுப்புகள் நீங்க, 48-இல் 3 கழிந்து 45 எஞ்சுவதைக் கண்கூடாக்குவதே சிரேஷ்டமான முறை. 1 அல்லாத பிற விகிதங்களில், இரட்டிப்பதற்குப் பதில் அவ்விகிதத்தால் பெருக்கி, எஞ்சுவதை விகிதத்தினின்று 1 குறைத்த எண்ணால் வகுத்தல் வேண்டும். சுமார் கி.மு. 1550-ஐச் சேர்ந்த எகிப்திய ரைண்டு பாப்பிரசு ஏடு 7, 49, 343, 2401, 16807 ஆகியவற்றின் கூடுதலை 19607 எனத் தருகிறது. கூடுதற் சூத்திரத்தின் பொது நிரூபணம் யூக்ளிட்டின் 'மூலகங்கள்' ஒன்பதாம் புத்தகத்து 35-ஆம் தேற்றத்தில் உளது.