முக்கோணத்துக்கு அடங்காத நான்முகி

ஒரே தளத்தில் அடங்காத நான்கு புள்ளிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மற்ற மூன்றோடு இணைத்தால் நான்முகி கிடைக்கும். நான்கு முனைகள், ஆறு விளிம்புகள், நான்கு முக்கோண முகங்கள். தட்டையான முகங்களால் வெளியில் ஓர் இடத்தை அடைக்க இதைவிட எளிய வடிவம் கிடையாது. தளத்தில் முக்கோணம் எப்படியோ வெளியில் நான்முகி அப்படி என்றுதான் ஆசிரியர்கள் இதை அறிமுகம் செய்கிறார்கள். அந்த ஒப்புமையை நம்பிப் பெரிய அறிஞர்களே சறுக்கியிருக்கிறார்கள். முக்கோணத்துக்குப் பொருந்துவது எங்கே இதற்கும் பொருந்துகிறது, எங்கே பொருந்தாமல் போகிறது என்று பார்ப்பதுதான் நான்முகியின் வரலாறு. கணிதப் போட்டிகளில் முப்பரிமாணக் கணக்கு என்று வருவதில் நல்லவையெல்லாம் அந்த எல்லைக்கோட்டிலிருந்து பிறந்தவை.

முதலில் சறுக்கியவர் அரிஸ்டாட்டில். ஆறு சமபக்க முக்கோணங்களை ஒரு புள்ளியைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடுக்கலாம். தரை முழுவதையும் அப்படியே நிரப்பலாம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில், வானுலகைப் பற்றிய தன் நூலில், கனசதுரத்தைப் போலவே ஒழுங்கு நான்முகியும் வெளியை இடைவெளியின்றி நிரப்பும் என்று அவர் எழுதினார். ஒழுங்கு நான்முகியின் இரு முகங்களுக்கு இடைப்பட்ட கோணம், அதாவது முகக் கோணம், ஏறக்குறைய 70.53 பாகை. ஒரே விளிம்பைச் சுற்றி ஐந்தை அடுக்கினால் 352.64 பாகை ஆகிறது. 7 பாகைக்குச் சற்று அதிகமான கீற்று திறந்தே நிற்கும். அட்டையில் ஐந்து நான்முகி செய்து ஒட்டிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். ஆனாலும் அவர் பெயரின் கனத்தால் இந்தக் கூற்று பல நூற்றாண்டுகள் நின்றது. உரைகாரர்கள் அதற்கு நியாயம் கற்பித்தார்கள். இடைவெளி விழத்தான் செய்யும் என்றால், எவ்வளவு நெருக்கமாக அடுக்க முடியும்? 2010இல் சென், எங்கல், கிளாட்சர் மூவரும் கண்ட அடுக்கு வெளியில் 85.63 சதவீதத்தை நிரப்புகிறது.

இரண்டாவது சறுக்கல் நம் பக்கத்தில் நடந்தது. ஆரியபட்டர் 499இல் எழுதிய ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில் ஒரு செய்யுள் உண்டு. அதன் முதல் பாதி முக்கோணத்தின் பரப்பளவைச் சொல்கிறது: அடிப்பக்கத்தின் பாதியைக் குத்துயரத்தால் பெருக்கு. மறு பாதி ஆறு விளிம்பு கொண்ட திண்மத்துக்குத் தாவுகிறது: அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கிப் பாதியாக்கு. முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. நான்முகிக்கு வேண்டியது மூன்றில் ஒரு பங்கு. கோளச் சுழற்சியையும் சைன் அட்டவணையையும் அவ்வளவு நுட்பமாகக் கையாண்ட மனிதர், ஒரே மூச்சில் தளத்திலிருந்து வெளிக்குத் தாவும்போது பாதி என்பதைக் கூடவே எடுத்துப் போய்விட்டார். 628இல் பிரம்மகுப்தர் ஊசி போலக் குவியும் திண்மங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று திருத்தமாக எழுதினார்.

சீனத்தில் லியூ ஹுய் 263இலேயே இதை நிறுவியிருந்தார். ஒரு கனசதுரத்தைச் சமமான மூன்று சதுரப் பிரமிடுகளாக அறுக்கலாம். ஆகவே ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு. நீள அகல உயரங்கள் வேறுபடும் பெட்டியில் மூன்று துண்டுகளும் ஒன்றுபோல் இருக்காது. அங்கே அவர் துண்டுகளை மேலும் மேலும் பாதியாக அறுத்துக்கொண்டே போய், மிஞ்சுவது ஒன்றுமில்லாமல் கரையும் என்று வாதிட்டார். அவருக்கு முன்பே கிரேக்கத்தில் யூக்ளிட் தன் 12ஆம் நூலில் வேறு வெட்டுகளோடு இதே வழியில் போயிருந்தார். தொடர்பே இல்லாத இருவரும் முடிவிலாமல் வெட்டும் வாதத்தை ஏன் நாட வேண்டியிருந்தது? முக்கோணத்துக்கு அது தேவையில்லையே. கத்தரிக்கோலால் சில வெட்டு வெட்டி ஒட்டினால் எந்த முக்கோணமும் செவ்வகமாகிவிடும்.

வேறு வழியே இல்லை என்பதுதான் விடை. காவுஸ் 1844இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதங்களில், முடிவிலா வெட்டைத் தவிர்க்க முடியாத இந்தக் குறையைச் சொல்லி வருந்தினார். 1900இல் பாரிஸில் ஹில்பர்ட் முன்வைத்த புகழ்பெற்ற கணக்குகளில் மூன்றாவது இதுவே: அடிப்பரப்பும் உயரமும் சமமான இரண்டு நான்முகிகளில் ஒன்றை எண்ணிக்கைக்குள் அடங்கும் துண்டுகளாக வெட்டி மற்றொன்றாக மாற்ற எப்போதும் இயலுமா? அவருடைய மாணவர் மாக்ஸ் டேன் உடனேயே இயலாது என்று நிறுவினார். கன அளவு சமமாக இருந்தாலும் ஒழுங்கு நான்முகியை வெட்டிக் கனசதுரம் ஆக்க முடியாது. விளிம்புகளின் நீளத்தையும் அங்குள்ள முகக் கோணத்தையும் சேர்த்து அவர் உருவாக்கிய ஓர் அளவு எத்தனை வெட்டு வெட்டினாலும் மாறாது. இரண்டுக்கும் அது வேறு வேறு.

நான்முகி எப்போதும் முரண்டு பிடிக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. முக்கோணத்தின் நடுக்கோடுகள் ஒரு புள்ளியில் சந்தித்து 2:1 என்று பிரிவது போல, முனையை எதிர்முகத்தின் மையத்தோடு இணைக்கும் நான்கு கோடுகளும் ஒரே புள்ளியில் சந்தித்து 3:1 என்று பிரிகின்றன. இத்தாலியரான கமாண்டினோ 1565இல் இதை வெளியிட்டார். ஒரு முனையில் மூன்று விளிம்புகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் பிதாகரஸ் தேற்றம்கூட மேலேறி வருகிறது: அந்த முனையைச் சுற்றிய மூன்று முகங்களின் பரப்பளவுகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால் எதிர்முகப் பரப்பளவின் வர்க்கம் கிடைக்கும். ஆனால் குத்துக்கோடுகள்? முக்கோணத்தின் மூன்றும் எப்போதும் ஒரு புள்ளியில் சந்திக்கும். நான்முகியின் நான்கும் பொதுவாகச் சந்திப்பதில்லை. எதிரெதிர் விளிம்புகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் மட்டுமே சந்திக்கும். எது ஏறி வரும், எது வராது என்பதை முன்கூட்டிச் சொல்ல ஒரு விதியும் இல்லை. ஒவ்வொரு முறையும் நிறுவித்தான் ஆக வேண்டும்.

இந்தக் குணத்தோடுதான் நான்முகி போட்டித் தேர்வுக்குள் வந்தது. சர்வதேசக் கணித ஒலிம்பியாடு 1959இல் ருமேனியாவில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. எல்லாம் கிழக்கு ஐரோப்பாவும் சோவியத் ஒன்றியமும். திண்ம வடிவியலைப் பள்ளியிலேயே தீவிரமாகக் கற்பித்த நாடுகள். 1964 முதல் 1972 வரை ஆண்டு தவறாமல் வினாத்தாளில் ஒரு நான்முகி இருந்தது. அவற்றில் 1968இல் மாஸ்கோவில் கேட்கப்பட்ட நான்காம் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. எந்த நான்முகியை எடுத்தாலும் அதில் ஒரு முனையாவது இப்படி இருக்கும்: அங்கே கூடும் மூன்று விளிம்புகளின் நீளங்களைக் கொண்டு ஒரு முக்கோணம் அமைக்கலாம். இதை நிறுவ வேண்டும்.

படம் வரைந்து உற்றுப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. எந்த முனையைப் பிடிப்பது என்று தெரியாமல் நான்கையும் சுற்றிச் சுற்றி வருவோம். ஆறு விளிம்புகளில் மிக நீளமானதைப் பிடித்தால் வழி திறக்கும். அதை ஏபி என்று வைத்துக்கொள்வோம். மற்ற முனைகள் சி, டி. ஏ முனையில் கூடுபவை ஏபி, ஏசி, ஏடி. ஏபிதான் பெரியது என்பதால், ஏசியும் ஏடியும் சேர்ந்து ஏபியை மிஞ்சினால் போதும், முக்கோணம் அமைந்துவிடும். மிஞ்சவில்லை என்று வைப்போம். பி முனையிலும் பிசி, பிடி சேர்ந்து ஏபியை மிஞ்சவில்லை என்று வைப்போம். அப்படியானால் இந்த நான்கு விளிம்புகளின் கூட்டுத்தொகை ஏபியின் இரு மடங்குக்கு மேல் போகாது. இப்போது அதே நான்கையும் வேறு விதமாக இணை சேர்க்கலாம். ஏபிசி ஒரு முக்கோணம். ஆகவே ஏசி, பிசி இரண்டும் சேர்ந்து ஏபியைவிடப் பெரியவை. ஏபிடி ஒரு முக்கோணம். ஏடி, பிடி இரண்டும் சேர்ந்து ஏபியைவிடப் பெரியவை. கூட்டினால் இரு மடங்கை மிஞ்சிவிட்டது. முரண்பாடு. ஆக ஏ, பி இரண்டில் ஒன்று நாம் தேடிய முனை.

பள்ளியில் படித்த முக்கோணச் சமனின்மையைத் தவிர இதில் வேறு எதுவும் இல்லை. நான்கு நீளங்களை முனைவழி கூட்டினால் ஒன்று, முகவழி கூட்டினால் இன்னொன்று. இந்த இரட்டைக் கணக்கு முக்கோணத்தில் கிடைக்காது, நான்முகியில் கிடைக்கும். மூன்று ஆண்டு கழித்து, ஒரு நான்முகியின் நான்கு விளிம்புகளைத் தொட்டுச் செல்லும் மூடிய பாதைகளில் குறுகியது எது என்று கேட்டார்கள். அங்கே வழி வேறு: முகங்களைப் பிரித்துத் தளத்தில் விரித்துப் போட்டால் பாதை நேர்கோடாகிவிடும்.

விரிப்பது ஒரு வழி என்றால், அதற்கு நேர் எதிரான வழி பெட்டிக்குள் வைப்பது. ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கை எடுத்து இணைத்தால் ஒழுங்கு நான்முகி. வெட்டுப்பட்டு விழும் நான்கு மூலைத் துண்டுகளும் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. மீதி நிற்கும் நான்முகி மூன்றில் ஒரு பங்கு. செவ்வகப் பெட்டியில் இதையே செய்தால் எதிரெதிர் விளிம்புகள் சமமான நான்முகி வரும். 2024இல் அமெரிக்காவின் ஏஐஎம்இ கணிதப் போட்டியில் முதல் தாளின் 14ஆவது கணக்கு அப்படிப்பட்டது. எதிர்விளிம்புகள் இரண்டிரண்டாகச் சமம். நீளங்கள் 41, 80, 89 ஆகியவற்றின் வர்க்கமூலங்கள். உள்ளே எல்லா முகங்களையும் தொட்டு நிற்கும் கோளத்தின் ஆரம் என்ன? ஆயத்தொலைவு போட்டு இறங்குபவர் வர்க்கமூலங்களுக்குள் மாட்டிக்கொள்வார். பெட்டியை நினைத்தவருக்கு அந்த மூன்று நீளங்களும் பெட்டி முகங்களின் மூலைவிட்டங்கள். 41 என்பது 16உம் 25உம். 80 என்பது 16உம் 64உம். 89 என்பது 25உம் 64உம். பெட்டி 4, 5, 8. கன அளவு 160, நான்முகிக்கு அதில் மூன்றில் ஒன்று. நான்கு முகங்களும் ஒரே அளவு; ஒவ்வொன்றின் பரப்பளவு 6√21. கோளத்தின் மையத்திலிருந்து நான்முகியை நான்கு சிறு நான்முகிகளாகப் பிரித்தால் எல்லாவற்றுக்கும் உயரம் அதே ஆரம். வகுத்தால் 20√21/63. நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் மூன்று வெக்டர்களின் முப்பெருக்கம் கொண்டு இணைகரத்திண்மத்தின் கன அளவு காண்கிறாரே, அந்தத் திண்மத்துக்குள்ளும் இதே நான்முகி இருக்கிறது என்பதை வகுப்பிலேயே காட்டிவிடலாம். கனசதுரத்தைச் சாய்த்தால் இணைகரத்திண்மம். மூன்றில் ஒரு பங்கு என்பது சாய்ந்தாலும் மாறாது.

தேர்வு வைப்பவர்களையும் நான்முகி ஒருமுறை கவிழ்த்தது. 1980 அக்டோபரில் அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கு நடந்த பிஎஸ்ஏடி தேர்வில் வந்த கேள்வி இது. ஒன்று ஒழுங்கு நான்முகி. மற்றொன்று சதுர அடியும் சமபக்க முக்கோணப் பக்கங்களும் கொண்ட பிரமிடு. எல்லா விளிம்புகளும் ஒரே நீளம். இரண்டையும் முக்கோண முகம் முகத்தோடு பொருந்த ஒட்டினால் வெளியே எத்தனை முகங்கள் தெரியும்? நான்கும் ஐந்தும் ஒன்பது, ஒட்டியதில் இரண்டு மறைந்தது, ஆக ஏழு என்றது தேர்வு வைத்தவர்களின் விடைக்குறிப்பு. ஃபுளோரிடாவைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் ஐந்து என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதே சரி. அதைக் காண இன்னொரு பிரமிடு போதும். ஒரே மாதிரி இரண்டு சதுரப் பிரமிடுகளை மேசைமேல் பக்கத்தில் பக்கமாக ஒட்டி வைத்தால், உச்சிகளுக்கு இடையிலான தூரமும் அதே ஒரு விளிம்பு நீளம். அந்த இரு உச்சிகளும், பிரமிடுகள் பகிர்ந்துகொள்ளும் அடிவிளிம்பின் இரு முனைகளும் சேர்ந்தால் ஆறு விளிம்புகளும் சமமான நான்முகி. இடைப்பள்ளத்தில் அச்சாக உட்கார்ந்துவிடும். இரண்டு பிரமிடுகளின் முன்முகங்களும் ஒரே தளத்தில் இருக்கின்றன, ஆகவே நடுவில் இருக்கும் நான்முகியின் முன்முகமும் அதே தளத்தில்தான். பின்புறமும் அப்படியே. இரண்டு இடங்களில் இரு முகங்கள் ஒரே முகமாகிவிடுவதால் ஏழு ஐந்தாகிறது. 1981இல் இது வெளியே தெரிந்தபோது ஏறக்குறைய 2,40,000 மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. அரிஸ்டாட்டில் நிறையும் என்றார், நிறையவில்லை, இங்கே 70.53 பாகையும் பிரமிடின் 109.47 பாகையும் சேர்ந்து 180ஆக இம்மியும் பிசகாமல் நிறைந்தது.

அதே காலத்தில் நான்முகி சர்வதேச ஒலிம்பியாடை விட்டு மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது. நாடுகள் கூடக் கூட, எல்லாருடைய பாடத்திட்டத்துக்கும் பொதுவானதை மட்டும் கேட்கும் நிலை வந்தது. பல நாடுகள் திண்ம வடிவியலைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டிருந்தன. இந்தியா 1989இல் முதன்முதலாகக் கலந்துகொண்டபோது நான்முகி அநேகமாகப் போய்விட்டிருந்தது. இதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன். இன்று ஒலிம்பியாடு வடிவியல் என்றால் வட்டமும் முக்கோணமும்தான். அதில் மாணவர்கள் பெறும் தேர்ச்சி வியப்பூட்டுகிறது. ஆனால் பழகிய உண்மை ஒரு படி மேலே ஏறும்போது நிற்குமா விழுமா என்று ஒவ்வோர் அடியிலும் சந்தேகப்படும் பழக்கத்தை வேறு எந்தப் பாடமும் இவ்வளவு மலிவாகத் தருவதில்லை. ஓர் அட்டையும் பசையும் இருந்தால் போதும்.

போட்டியிலிருந்து போனாலும் போட்டியில் வளர்ந்தவர்கள் அதை விடவில்லை. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் பாகைக் கணக்கில் விகிதமுறு எண்களாக இருக்க வேண்டும் என்றால் ஒரு சிரமமும் இல்லை. கூட்டுத்தொகை 180 ஆகும்படி எதையும் எடுக்கலாம். நான்முகியின் ஆறு முகக் கோணங்களும் அப்படி இருக்க வேண்டும் என்றால் எந்தெந்த நான்முகிகள் தேறும்? கான்வே, ஜோன்ஸ் இருவரும் 1976இல் இந்தக் கேள்வியை எழுப்பினார்கள். ஆறு கோணங்களும் நிறைவு செய்ய வேண்டிய சமன்பாட்டை விரித்து எழுதினால் ஆறு மாறிகளில் 105 உறுப்புகள் கொண்ட பல்லுறுப்புக் கோவை வருகிறது. 2020இல் கெட்லாயா, கோல்பகோவ், பூனன், ரூபின்ஸ்டைன் நால்வரும் அதைத் தீர்த்தார்கள். கெட்லாயா ஒலிம்பியாடில் தங்கம் வென்றவர். பூனன் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கான பட்னம் போட்டியில் நான்கு முறை முதல் ஐவரில் ஒருவராக வந்தவர். அவர்கள் கண்ட விடை: நான்முகிகளின் இரண்டு முடிவிலாக் குடும்பங்கள், அவற்றுக்கு வெளியே தனித்தனியாக நிற்கும் 59 நான்முகிகள். அவ்வளவுதான், அறுபதாவது கிடையாது.