இடிவதற்கு முன்பே போடும் கணக்கு: அமெரிக்கப் பேரிடர் அலுவலர்கள் இழப்பை மதிப்பிடக் கற்ற வரலாறு

1989 அக்டோபர் 17, மாலை 5.04. கலிபோர்னியாவில் லோமா பிரீட்டா நிலநடுக்கம் தாக்கியபோது ஓக்லந்து நகரின் சைப்ரஸ் ஈரடுக்கு மேம்பாலம் சரிந்து 42 பேர் உயிரிழந்தார்கள். சான்பிரான்சிஸ்கோ அணியும் ஓக்லந்து அணியும் மோதும் பேஸ்பால் இறுதித் தொடரின் ஆட்டம் அன்று மாலை தொடங்கவிருந்தது. அதைப் பார்க்கப் பலர் முன்னதாகவே வீடு திரும்பியிருந்தார்கள். வழக்கமான மாலை நெரிசல் அந்தப் பாலத்தில் இருந்திருந்தால் சாவு எண்ணிக்கை பல மடங்காகியிருக்கும். 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தது அதிகாலை 4.31-க்கு, அதுவும் விடுமுறை நாள். அலுவலகங்களும் சாலைகளும் காலியாகக் கிடந்தன. ஆனால் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் 16 பேர் நசுங்கி இறந்தார்கள்.

நேரம் மாறினால் சாவும் இடம் மாறும். அதனால்தான் ‘ஹேசஸ்’ என்ற அமெரிக்க அரசின் மென்பொருள் ஒரே நிலநடுக்கத்துக்கு உயிர்ச்சேதத்தை மூன்று முறை கணக்கிடுகிறது: ஊர் உறங்கும் இரவு 2 மணி, பள்ளியும் பணியிடமும் நிறைந்திருக்கும் பிற்பகல் 2 மணி, சாலைகள் நிரம்பும் மாலை 5 மணி. நகராட்சியிலும் மாவட்ட நிர்வாகத்திலும் வேலை செய்யும் பேரிடர் அலுவலர்கள் இத்தகைய கணக்கைத் தாங்களே போடக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஆனது.

தொடக்கத்தில் இது காப்பீட்டுக்காரர்களின் கவலையாக இருந்தது. ஜான் ஃப்ரீமன் என்ற பொறியாளர் நிலநடுக்கச் சேதத்தையும் காப்பீட்டையும் ஒன்றாக ஆராய்ந்து 1932-இல் ஒரு பெருநூல் எழுதினார். 1971 பிப்ரவரியில் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கம் மருத்துவமனைகளையே இடித்த பிறகு அரசு விழித்தது. சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தால் எத்தனை பேர் சாவார்கள், எத்தனை மருத்துவமனைகள் மிஞ்சும் என்ற மதிப்பீடு 1972-இல் வெளிவந்தது. அதை ஆக்கியவர்கள் நிபுணர்கள். உள்ளூர் அலுவலரின் கைக்கு முடிவு மட்டுமே வந்தது.

அடுத்த படி 1985-இல். கலிபோர்னியாவின் கட்டடங்களையும் கட்டமைப்புகளையும் 78 வகைகளாகப் பிரித்து, இந்த அளவு அதிர்வுக்கு இந்த வகை எவ்வளவு சேதமாகும் என்று பொறியாளர்களிடம் கேட்டுத் தொகுத்தார்கள். களத்தில் திரட்டிய சேதத் தரவு போதாத காலத்தில் அனுபவசாலிகளின் மதிப்பீட்டை முறைப்படுத்தியது பெரிய காரியம்.

தனியார் துறை வேகமாக ஓடியது. கேரன் கிளார்க் 1987-இல் நிறுவிய ஏ.ஐ.ஆர். நிறுவனம் புயல் இழப்பைக் கணினியில் கணித்தது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவைச் சூறையாடியதும், காப்பீட்டு இழப்பு 1,300 கோடி டாலரைத் தாண்டும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. சந்தையில் பலர் நம்பவில்லை. இறுதிக் கணக்கு ஏறத்தாழ 1,550 கோடியில் நின்றது. காப்பீட்டு நிறுவனங்கள் பல திவாலாயின. அதன்பின் இத்தகைய கணினி மாதிரி இல்லாமல் காப்பீட்டுத் தொழில் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கணிப்புகள் விலைக்கு விற்கப்பட்டவை. தீயணைப்பு வண்டியை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கும் சிறுநகர அலுவலருக்கு அவை எட்டாக்கனி.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் கூட்டாட்சி அரசின் பேரிடர் முகமையான ‘ஃபெமா’, தேசியக் கட்டட அறிவியல் நிறுவனத்துடன் சேர்ந்து ஹேசஸை உருவாக்கியது. 1997-இல் நிலநடுக்கத்துக்கு மட்டும் வந்த அது, 2004-இல் வெள்ளத்தையும் சூறாவளிக் காற்றையும் சேர்த்துக்கொண்டது. 2017-இல் சுனாமியும் சேர்ந்தது. மென்பொருள் இலவசம். உள்ளூர் அரசுகள் இடர் மதிப்பீட்டுடன் கூடிய திட்டம் வைத்திருந்தால்தான் தணிப்புப் பணிகளுக்கு மானியம் என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டம் நிபந்தனை விதித்ததும் பயிற்சி கேட்டு அலுவலர்கள் வரத் தொடங்கினார்கள்.

மேரிலாந்து மாநிலத்தில் எமிட்ஸ்பர்க் என்ற சிற்றூர். முன்பு பெண்கள் கல்லூரி இயங்கிய வளாகத்தில் ஃபெமாவின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே நடந்த ஹேசஸ் வகுப்புகளின் சாரம் பொத்தான் அழுத்துவதில் இல்லை. அப்போது மென்பொருளோடு வந்த கட்டடப் பட்டியல் பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தோராயமாகப் பெறப்பட்டது. அதை அப்படியே ஓட்டினால் கிடைப்பது முதல்நிலை மதிப்பீடு. தன் ஊரின் மருத்துவமனை எந்த ஆண்டில், எந்தப் பொருளால் கட்டப்பட்டது, மண் இளகக்கூடியதா, வீட்டின் தரைத்தளம் தெருவைவிட எவ்வளவு உயரம் என்று அலுவலர் திருத்திச் சேர்த்தால் இரண்டாம் நிலை. வெள்ளக் கணக்கில் இது உயிர்நாடி. தண்ணீரின் ஆழத்தை வைத்தே சேத விழுக்காடு கிடைப்பதால், தரைத்தள உயரத்தில் இரண்டு அடி பிசகினால் இழப்புத் தொகையே தலைகீழாகும். இந்தப் பயிற்சியின் மிகப் பெரிய பயன் இதுதான்: எண்ணை நம்புவதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க அது பழக்கியது.

கணிப்பு பெருமளவு சரியாக இருந்தும் பயனளிக்காமல் போனதற்கு லூசியானா சாட்சி. 2004 ஜூலையில் ‘பாம்’ என்ற கற்பனைச் சூறாவளியை வைத்து ஐந்து நாள் ஒத்திகை நடந்தது. நியூ ஆர்லியன்ஸ் கரைகளைத் தாண்டித் தண்ணீர் புகும், 60,000-க்கும் மேற்பட்டோர் இறக்கலாம் என்றது கணிப்பு. ஒத்திகையிலிருந்து எழுந்த திட்டம் முழுமையடையுமுன் 2005 ஆகஸ்ட் 29 அன்று காத்ரீனா வந்துவிட்டது. சாவு கணித்ததைவிட மிகக் குறைவு என்றாலும் 1,000-ஐத் தாண்டியது. மூழ்கிய நகரமும் கூரைகளில் சிக்கிய மக்களும் ஒத்திகையில் விவரித்தபடியே இருந்தார்கள். கணக்குப் போடக் கற்ற கைகளுக்குச் செயல்படுத்தப் பணமும் அதிகாரமும் தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மாறாக, 2008-இல் தெற்குக் கலிபோர்னியாவில் 7.8 அளவிலான நிலநடுக்கம் வந்தால் சுமார் 1,800 பேர் இறப்பார்கள், 20,000 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்ற மதிப்பீட்டை நிலநடுக்கவியலாளர் லூசி ஜோன்ஸ் தலைமையிலான குழு வெளியிட்டது. ஹேசஸும் அதில் ஒரு கருவி. அந்த எண்கள் அறிக்கைக்குள் உறங்கவில்லை. அவற்றை அடிப்படையாகக் கொண்ட ஒத்திகையில் அதே ஆண்டு நவம்பர் 13 அன்று 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேசைக்கடியில் பதுங்கிப் பயிற்சி எடுத்தார்கள்.

இந்த முறை கடல் கடந்தும் சென்றது. தைவான் ஹேசஸைத் தன் கட்டடங்களுக்கு ஏற்ப மாற்றி அமைத்தது. இந்தோனேசியா 2012-இல் ஆஸ்திரேலியா, உலக வங்கி ஆகியவற்றின் துணையுடன் ‘இனாசேஃப்’ என்ற தன் சொந்தக் கருவியை வெளியிட்டது. அதற்கு வேண்டிய தரவுக்காக அதே ஆண்டு ஜகார்த்தாவின் 267 நகர்ப்புற வட்டங்களிலிருந்தும் ஆட்களை அழைத்து, பல்கலைக்கழக மாணவர்களின் உதவியோடு பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் வழிபாட்டுத் தலங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னார்கள். 6,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களைக் குறித்துக் கொடுத்தவர்கள் அந்தந்த வட்டத்தை அறிந்த மக்களே.