பாக்கின் வீட்டுக்கு ஒரு மின்சாரக் கதவு

மின் கிட்டாரும் முரசும் முழங்கும் ராக் இசையை விரும்பிக் கேட்பவரா நீங்கள்? அப்படியானால் ‘மேனாட்டுச் செவ்வியல் இசை’ என்றதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? பெரிய அரங்கம், கறுப்பு உடையணிந்த கலைஞர்கள், இருமக்கூட அஞ்சி அமர்ந்திருக்கும் முதியவர்கள். ‘இது நமக்கு ஆகாது’ என்று எழுந்து போய்விடத் தோன்றும். 1960-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த இளைஞர் பலரும் இப்படித்தான் எண்ணினர். ஆனால் அவர்களுள் கணிசமானோர் சில ஆண்டுகளுக்குள் இருநூறு ஆண்டுப் பழைய இசையைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்டார்கள். அவர்களைத் தடுத்தது இசையா, அதைச் சுற்றியிருந்த சம்பிரதாயமா? ஒரே ஒரு பாடலின் பயணத்தைத் தொடர்ந்து சென்றால் விடை கிடைக்கும்.

ஒற்றை வயலினிலிருந்து

ஜெர்மனியைச் சேர்ந்த யொஹான் செபாஸ்டியன் பாக் 1685-இல் பிறந்து 1750-இல் மறைந்தவர். துணைக் கருவி எதுவுமின்றி வயலின் மட்டுமே இசைப்பதற்காக அவர் எழுதிய ஆறு படைப்புகளின் கையெழுத்துப் பிரதி 1720-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவற்றுள் ஒன்றான மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பிசையை எடுத்துக்கொள்வோம். வாய்ப்பாட்டு இல்லை, தாள வாத்தியமும் இல்லை. ஆயினும் விரைவான சுரங்கள் மூச்சு விடாமல் ஓடுகின்றன. கேட்பவரின் கால் தானாகவே தாளம் போடும்.

1731-இல் லைப்சிக் நகர மன்றப் பொறுப்பேற்பு வழிபாட்டுக்காக ஓர் இசைப் படைப்பு தேவைப்பட்டது. பாக் அதே முகப்பிசையை எடுத்தார், சுருதியை மாற்றினார், வயலின் இசைத்ததை ஆர்கனுக்குக் கொடுத்தார், எக்காளங்களையும் முரசுகளையும் துணை சேர்த்தார். ஒருவர் தனித்து இசைத்தது ஒரு கூட்டமே முழங்கும் ஆரவாரமாயிற்று. தம் இசை ஒரே கருவிக்குச் சொந்தம் என்று பாக் கருதவில்லை என்பதை இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

சுரத்தை ஆளும் மின்னழுத்தம்

இப்போது 1964-ஆம் ஆண்டுக்கு வாருங்கள். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து ஒரு மின்னணுக் கருவியை உருவாக்கினார். அதுவே மூக் சிந்தசைசர்.

அதன் தத்துவம் எளிது. அலையியற்றி என்னும் மின்சுற்று அதிர்வை உண்டாக்குகிறது. அதற்குத் தரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் அதிர்வெண் இரு மடங்காகிறது. 220 ஹெர்ட்சில் ஒலித்த சுரம் 440 ஹெர்ட்சுக்குத் தாவும்; அதாவது ஒரு ஸ்தாயி மேலே போகும். ஸ்தாயியில் சுரத்தானங்கள் பன்னிரண்டு. எனவே ஒரு படி ஏற ஒரு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும்.

நாதத்தின் நிறத்தையும் மாற்றலாம். ரம்பப் பல் வடிவ அலையில் 220, 440, 660 என எல்லா மேற்சுரங்களும் உண்டு. சதுர அலையிலோ 220, 660, 1100 என ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே உண்டு. வடிகட்டி என்னும் சுற்று, வேண்டாத மேற்சுரங்களைக் குறைக்கிறது. இன்னொரு சுற்று, ஒலி சட்டெனத் தொடங்க வேண்டுமா, மெல்ல எழ வேண்டுமா, எப்போது தேய வேண்டும் என்று வகுக்கிறது.

இயற்பியலும் இசையும் பயின்ற வெண்டி கார்லோஸ், ரேச்சல் எல்கைண்டின் துணையோடு, இக்கருவியில் பாக்கின் படைப்புகளைப் பதிவு செய்ய முனைந்தார். வேலை எளிதாக இல்லை. அன்றைய மூக் கருவி ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் ஒலிக்கும். ஆகவே ஒவ்வோர் இசை இழையையும் தனித்தனியே வாசித்து, எட்டுத் தடங்கள் கொண்ட ஒலிநாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியிருந்தது. வெப்பம் மாறினால் சுருதியும் நழுவும். அடிக்கடி நிறுத்திச் சுருதி சேர்க்க வேண்டும்.

1968-இல் ‘ஸ்விட்ச்டு ஆன் பாக்’ இசைத்தட்டு வெளிவந்தது. அதன் முதற்பாடல் எது தெரியுமா? நாம் தொடர்ந்துவரும் அதே முகப்பிசை, 1731-ஆம் ஆண்டு வடிவில்! செவ்வியல் இசைத்தட்டு ஒன்று, ராக் இசைத்தட்டுகள் ஆண்ட அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1969-இல் பத்தாம் இடம் வரை ஏறியது. செவ்வியல் பட்டியலில் அது 1972 தொடக்கம் வரை முதலிடத்தில் நின்றது. மூன்று கிராமி விருதுகளும் கிடைத்தன.

ராக் ரசிகர் கண்ட உறவு

வெறும் புதுமை மோகமா இது? அதுவும் உண்டு. ஆனால் அது மட்டுமன்று. பாக் காலத்து இசையின் அடித்தளம் ஓயாமல் நடக்கும் தாழ்சுர வரிசை. அந்த வரிசைக்குக் கீழே குறித்த எண்களைப் பார்த்து, இசைக் கலைஞர் கூட்டுச் சுரங்களைத் தம் கற்பனைப்படி நிரப்புவார். ராக் குழுவில் பேஸ் கிட்டாரும், தாளில் குறித்த கூட்டுச் சுரப் பெயர்களைப் பார்த்து வாசிக்கும் கிட்டார்க்காரரும் செய்வது ஏறத்தாழ இதே வேலைதான். உடனுக்குடன் கற்பனையாக வாசிப்பதில் பாக் பெரும் புகழ் பெற்றவர். 1747-இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் தந்த ஒரு கருப்பொருளை அவர் முன்னிலையிலேயே விரித்து வாசித்துக் காட்டினார்.

உறவை ராக் கலைஞர்களும் உணர்ந்திருந்தனர். 1969 செப்டம்பர் 24 அன்று டீப் பர்ப்பிள் குழு, லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு ஒரே மேடையில் வாசித்தது. கார்லோசின் தட்டைக் கேட்டு மூக் கருவியைத் தேடிச் சென்ற கீத் எமர்சன், தம் நண்பர் இருவருடன் சேர்ந்து, ரஷ்யரான முசோர்க்ஸ்கி 1874-இல் பியானோவுக்கு எழுதிய ‘கண்காட்சியில் ஓவியங்கள்’ என்னும் படைப்பை 1971 மார்ச்சில் நியூகாசில் நகர மண்டபத்தில் வாசித்தார். அரங்கில் இருந்தவர்கள் ராக் ரசிகர்கள். முசோர்க்ஸ்கியின் பெயரையே அன்றுதான் கேட்டவர்களும் அவர்களிடையே இருந்திருப்பார்கள்.

எதிர்ப்பும் ஏற்பும்

எதிர்ப்பு இல்லாமலில்லை. ‘மேதைகளின் படைப்பைச் சிதைக்கிறார்கள்’ என்றது ஒரு தரப்பு. ‘ராக்கின் எளிமையை ஆடம்பரத்தில் மூழ்கடிக்கிறார்கள்’ என்றது மறு தரப்பு. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. வேகத்தைக் கூட்டினால் நயம் தொலையும். ஆரவாரம் பெருகினால் மௌனத்தின் அழகு மறையும். ஆனால் கார்லோசின் பதிவைக் கனடாவின் பியானோ மேதை கிளென் கூல்ட் வெகுவாகப் பாராட்டினார். அர்ஜென்டினா இசையமைப்பாளர் ஹினஸ்டேராவோ, தம் பியானோ இசையை எமர்சன் மாற்றியமைத்ததைத் தாமே கேட்டு இசைவளித்தார்; அது 1973-இல் வெளிவந்தது. இசையை நெருக்கமாக அறிந்தவர்களே கதவைத் திறந்துவிட்டார்கள்.

நம் முகப்பிசை தமிழகத்துக்கும் வந்தது. இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பு தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. ‘பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்’ என்று பொருள்படும் தலைப்புடைய பகுதியில் ஒலிப்பது, 1720-இல் எழுதி வைத்த அதே வயலின் இசைதான்.

இனி நீங்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். முதலில் கார்லோசின் மின்னணு வடிவத்தைக் கேளுங்கள்; அது உங்கள் காதுக்குப் பழகிய நாதம். பிறகு ஆர்கனும் எக்காளமும் ஒலிக்கும் 1731-ஆம் ஆண்டு வடிவத்தைக் கேளுங்கள். இறுதியில் விளக்கை அணைத்துவிட்டு அந்த ஒற்றை வயலினைக் கேளுங்கள். முரசு இல்லாமலே தாளம் கேட்கும். பேஸ் கிட்டார் இல்லாமலே தாழ்சுரம் நடக்கும். அவற்றைக் கேட்கும் பயிற்சியை ராக் இசை உங்களுக்கு முன்பே தந்திருக்கிறது. மூன்று வடிவங்களுக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகாது.