கல்லோயா கமக்காரர் அமைப்புகள்

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில், கல்லோயாப் பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1981 முதல் உருவான விவசாயிகள் குழுக்கள் கல்லோயா கமக்காரர் அமைப்புகள் எனப்படுகின்றன. விவசாயிகளும் பொறியியலாளர்களும் ஆய்வாளர்களும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டு நீர்ப் பங்கீட்டைச் சீர்செய்த முயற்சியாக ஊரக வளர்ச்சித் துறையில் இது பெரிதும் பேசப்படுகிறது.

பின்னணி

தமிழில் பட்டிப்பளை ஆறு எனப்படும் கல்லோயாவின் குறுக்கே இங்கினியாகலையில் அணை கட்டி, சேனநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கம் உருவாக்கப்பட்டது. இதற்கான அபிவிருத்திச் சபை 1949இல் அமைந்தது. திட்டப் பகுதியில் குடியேற்றப்பட்டோரில் பெரும்பான்மையர் சிங்களவர். கிழக்கின் இன விகிதம் இதனால் மாற்றப்பட்டது என்பது தமிழர் அரசியலின் நீண்டகாலக் குற்றச்சாட்டு. 1956 ஜூனில் இப்பள்ளத்தாக்கில் நடந்த இன வன்முறையில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர்.

1970களின் இறுதிக்குள் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுக் கதவுகள் உடைந்துபோயின. தலைமடையில் இருந்தவர்கள் வேண்டியமட்டும் நீரைத் திருப்பிக்கொண்டார்கள். தமிழ் பேசும் விவசாயிகள் மிகுந்திருந்த கடைமடைக்குச் சிறுபோகத்தில் (வறண்ட பருவச் சாகுபடியில்) நீர் எட்டவில்லை. விவசாயிகள் கதவுகளை உடைக்கிறார்கள் என்றனர் அதிகாரிகள். சொன்ன நாளில் அதிகாரிகள் நீர் விடுவதில்லை என்றனர் விவசாயிகள்.

தொடக்கம்

அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் நடந்த புனரமைப்பில் விவசாயிகளைப் பங்கேற்கச் செய்யும் பொறுப்பு, கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகத்துக்கும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்கும் தரப்பட்டது. பிலிப்பைன்ஸின் தேசிய நீர்ப்பாசன நிர்வாகம் 1976 முதல் சமூக அமைப்பாளர்களை வைத்து நடத்திய சோதனை இதற்கு முன்மாதிரி.

1981 மார்ச்சில் இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாக ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். சங்கம் அமைப்பதோ தலைவரைத் தேர்வதோ அவர்களின் முதல் வேலையாக இருக்கவில்லை. ஊரிலேயே தங்கி, ஒரே வயல்வாய்க்காலில் நீர் பெறுவோருடன் பேசி, அவர்களே செய்துமுடிக்கக்கூடிய ஒரு காரியத்தில் இறங்கச் செய்தார்கள். அவ்வாண்டு நீர்த்தேக்கம் ஏறத்தாழக் கால் பங்கே நிரம்பியிருந்தபோதும் விவசாயிகள் சிரமதானமாக வாய்க்கால்களைத் தூர்வாரினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சமான நீரைக் கீழ்மடைக்கு விட்டனர். கூட்டாக வேலை செய்து பார்த்த பிறகே குழுக்கள் முறைப்படி அமைந்தன.

வளர்ச்சி

வயல்வாய்க்கால் குழு ஒவ்வொன்றும் வாக்கெடுப்பின்றி, எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒருவரை ஊதியமில்லாப் பிரதிநிதியாக்கியது. அதற்கு மேல் கிளைவாய்க்கால் அமைப்புகளும், பகுதி அவைகளும், அதிகாரிகளுடன் சேர்ந்து முடிவெடுக்கும் திட்டக் குழுவும் எழுந்தன. எந்த இடத்தில் நீர் ஏறாது, எங்கே கரை கசியும் என்பது விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. பொறியியலாளர்கள் அவர்களுடன் வாய்க்கால் வழியே நடந்து வடிவமைப்பைத் திருத்தினர். நீர் விடும் நாள்களை அறிந்து, அதற்கேற்ப வேலையைத் திட்டமிட விவசாயிகள் பழகினர். தற்காலிகப் பணி என்பதால் அமைப்பாளர்களில் பெரும்பாலோர் வேறு வேலைகளுக்குப் போய்விட்ட பிறகும் குழுக்கள் இயங்கின.

விளைவுகள்

பாசனத்தில் விவசாயிகளின் பங்கேற்பு மேலாண்மையை இலங்கை அரசு 1988இல் தேசியக் கொள்கையாக ஏற்றது. 1991ஆம் ஆண்டின் கமநல சேவைச் சட்டத் திருத்தம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. 1997இன் சிறுபோகத்தில், இருக்கும் நீர் முழுப் பரப்பின் நெற்செய்கைக்குப் போதாது என்று அதிகாரிகள் கணித்தனர். விவசாயிகள் நீரைச் சிக்கனமாகப் பங்கிட்டு ஏறத்தாழ 65,000 ஏக்கரில் நல்ல விளைச்சல் கண்டனர். உள்நாட்டுப் போர்க்காலத்திலும் மேல்மடைச் சிங்கள விவசாயிகள் கீழ்மடைத் தமிழருக்கு நீர் விட்டது ஆய்வாளர் கவனத்தை ஈர்த்தது.

மதிப்பீடு

கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹோஃப் 1992இல் எழுதிய நூல் இந்த அனுபவத்தை உலகறியச் செய்தது. எனினும் பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடுகளில் முக்கியமானவை திட்டத்தில் பங்கேற்றவர்களே எழுதியவை. வாய்க்கால் அளவில் பிறந்த நம்பிக்கை, நிலமும் குடியேற்றமும் பற்றிய அரசியல் முரண்பாட்டைத் தீர்க்கவில்லை. ஆனாலும், ஒத்துழைக்க முதலில் நம்பிக்கை வேண்டும் என்ற பொதுக் கருத்துக்கு மாறாக, சேர்ந்து வேலை செய்து கற்றதிலிருந்தே நம்பிக்கை பிறக்கும் என்பதற்குக் கல்லோயா ஒரு சான்று.