பில்போ பேகின்ஸ்

ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1937இல் வெளியிட்ட ‘தி ஹாபிட்’ புதினத்தின் நாயகன். வயது 50. வேளை தவறாத சாப்பாடும் வளைவீட்டுச் சுகமுமே உலகம் என்றிருந்தவரை, மந்திரவாதி கேண்டால்ஃப், டிராகனிடம் பறிகொடுத்த புதையலை மீட்கப் போகும் 13 குள்ளர்களின் பயணத்தில் ‘திருடராக’ச் சேர்த்துவிடுகிறார். முதல் திருட்டிலேயே பூதங்களிடம் பிடிபடுகிறார், காப்பாற்றுவது கேண்டால்ஃப்தான்.

திருப்பம், கோல்லம் என்ற விசித்திர உயிரினத்தின் இருட்டுக் குகையில். விடுகதைப் போட்டியில் தோற்றால் உயிர் போகும். விடுகதை தீர்ந்த நேரத்தில், தன் பையில் என்ன இருக்கிறதென்று பில்போ தனக்குத்தானே கேட்டது கேள்வியாகிவிடுகிறது. நேர்மையான விடுகதையா அது? இல்லைதான். பையில் இருந்தது கோல்லமின் மோதிரம். 1937 பதிப்பில் அதைப் பந்தயப் பொருளாகத் தரவே கோல்லம் ஒப்புக்கொண்டிருந்தது. 1951 பதிப்பில் டோல்கீன் இந்த அத்தியாயத்தை மாற்றிவிட்டார்.

பிறகு சிலந்திகளைக் கேலிப்பாட்டால் திசைதிருப்புகிறார். எல்ஃப் அரசனின் சிறையிலிருந்து தோழர்களை மிடாக்களில் அடைத்து ஆற்றில் மிதக்கவிடுகிறார். தனக்கு மிடா இல்லை என்பது அப்புறம்தான் உறைக்கிறது. புகழ்ந்து பேசியே டிராகன் ஸ்மாகின் மார்பில் கவசமற்ற இடத்தைக் கண்டுகொள்கிறார். டிராகனைக் கொல்வது வேறொருவர், வில்லாளி பார்ட்.